பேலன்சிங் சரி, வண்டி ஏன் இன்னும் உதறுது?

இது கொஞ்சம் கையில கிரீஸ் ஒட்டற எபிசோட். பஸ்ல போய்க்கிட்டே கேட்கறவங்க கேளுங்க, ஆனா பின்னாடி சொல்லப்போற வேலையைச் செய்யறப்போ இந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டுச் செய்யுங்க.

விஷயம் இதுதான். பழைய கார் ஒண்ணு வாங்கறோம், அதுல முன்னாடி வச்சிருந்தவர் அலாய் வீல் போட்டிருக்கார். இல்லன்னா நாமளே ஆசைப்பட்டு வெளியில வாங்கி மாட்டறோம். அம்பத்தூர் ஓ.டி.யில இருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். ரோட்டுல ஓட்டினா ஒரு குறையும் தெரியாது. ஏன்னா அந்த டிராஃபிக்ல நாற்பதைத் தாண்டறதே பெரிய விஷயம். நெமிலிச்சேரி கிட்ட அவுட்டர் ரிங் ரோடு ஏறி எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில நடுங்க ஆரம்பிக்கும். டயர் கடைக்குப் போனா பேலன்சிங் போடுவாங்க. மெஷின்ல ரெண்டு பக்கமும் பூஜ்யம் காட்டும். திரும்ப ரோட்டுக்கு வந்தா அதே உதறல்.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். பேலன்சிங் மெஷினுக்கு ஒரு சென்டர், உங்க காருக்கு இன்னொரு சென்டர். அந்த ரெண்டும் ஒண்ணா ஆகாத வரைக்கும் எத்தனை தடவை வெயிட் ஒட்டினாலும் உதறல் போகாது. ரெண்டையும் ஒண்ணாக்கற வேலையில பெரும்பகுதியை வீட்டு பார்க்கிங்லயே செஞ்சிடலாம்.

வீலை நடுவுல பிடிக்கறது யாரு?

வீலைக் கழற்றினா உள்ளே ஹப் தெரியும். அதோட நடுவுல ஒரு வட்டமான மேடு துருத்திக்கிட்டு இருக்கும். கம்பெனி வீலின் நடு ஓட்டை அந்த மேட்டு மேல கச்சிதமா உட்காரும். அந்த ஓட்டைக்கு சென்டர் போர்னு பேரு. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 மாதிரி வண்டிகளில் அது 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டியில் 56.1. போலோவில் 57.1.

வெளியில விக்கற அலாய் வீல் தயாரிக்கறவங்க ஒவ்வொரு காருக்கும் தனித்தனியா ஓட்டை போடறதில்ல. ஒரே வீல் பல வண்டிக்கும் பொருந்தணும்னு ஓட்டையைப் பெருசா விட்டுடறாங்க. 73.1 மி.மீ. ரொம்ப சகஜம். அதே காரணத்துக்காகத்தான் நாலு நட்டு போடற வீலுக்கு எட்டு துளை இருக்கறதையும் பார்க்கறோம்.

இப்ப கணக்குப் போடுங்க. 73.1-ல 54.1 போனா 19. சுத்திலும் ஒன்பதரை மி.மீ. இடைவெளி. சொம்பு மேல அண்டா மூடியை வச்சா மூடும், ஆனா நடுவுலதான் உட்காரும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அந்த நிலைமைதான் இது. வீலை நடுவுக்குக் கொண்டு வர்ற முழுப் பொறுப்பும் நாலு நட்டோட கூம்பு முனைகள் மேல விழுது.

கூம்பு நட்டு அந்த வேலையைச் செய்யாதா? செய்யும். நிதானமா, எதிரெதிர் வரிசையில, வீல் காத்துல தொங்கிக்கிட்டு இருக்கும்போது இறுக்கினா நல்லாவே செய்யும். ஆனா வண்டியைப் பாதி இறக்கிட்டு, ஏர் கன்னை வச்சு முதல் நட்டையே முழு இறுக்கமா இறுக்கிட்டா, அந்த ஒரு நட்டு வீலைத் தன் பக்கம் இழுத்து வச்சு கவ்விடும். மிச்ச மூணும் அதை மீறி நகர்த்த முடியாது.

இதுக்கு இருக்கற சின்ன பொருள்தான் ஹப் ரிங். வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 54.1 இருக்கற ஒரு வளையம். அண்டா மூடியைச் சொம்பு மூடியா மாத்தற வளையம்னு வச்சுக்கங்க. நாலு வீலுக்கும் சேர்த்து சில நூறு ரூபாய்தான்.

ஒரு தப்பான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துடலாம். "ரிங் போடலைன்னா வண்டி வெயிட்டெல்லாம் போல்ட் மேல வந்து உடைஞ்சிடும்"னு சொல்லுவாங்க. அப்படி இல்ல. நட்டு சரியா இறுகினதும் வீல், ஹப் முகத்தோட அழுத்தமா ஒட்டிக்குது. அந்த அழுத்தத்தால வர்ற உராய்வுதான் எடையைத் தாங்குது. மாட்டற நேரத்துல வீலை நடுவுல நிறுத்தி வைக்கறதுதான் ரிங்கோட வேலை. அதனாலதான் பிளாஸ்டிக் ரிங்கே போதும். அலுமினியம் ரிங் உறுதியானதுதான், ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு ஹப்போட பூத்துப் பிடிச்சிக்கும்.

தலைமுடி அகலத்துக்கு இவ்வளவு ஆட்டமா?

நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு கோட் எழுதறவ. நம்மள மாதிரி நிறைய பேர் இருக்கோம்னு தெரியும். அந்த டிகிரிக்கு ஒரு நாளாவது வேலை கொடுப்போம்.

டயரோட சேர்ந்த ஒரு 15 இன்ச் வீல் சுமாரா 15 கிலோன்னு எடுத்துக்கலாம். அது சென்டர்ல இருந்து 0.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கு. அதாவது மூணு நாலு தலைமுடியோட தடிமன். 15,000 கிராமை 0.3-ஆல பெருக்கினா 4,500. அதை ரிம்மோட ஆரமான 190 மி.மீ.யால வகுத்தா ஏறக்குறைய 24 கிராம். அதாவது ரிம் ஓரத்துல 24 கிராம் வெயிட்டை ஒரே இடத்துல ஒட்டி விட்ட மாதிரி.

மெஷின் ஏன் இதைக் கண்டுபிடிக்கல? பெரும்பாலான கடைகள்ல வீலை மெஷின்ல ஏத்தும்போது நடு ஓட்டையில ஒரு கூம்பைச் செருகித்தான் பிடிப்பாங்க. அங்க வீல் தன்னோட ஓட்டையை மையமா வச்சு சுத்துது. பூஜ்யம் காட்டுது. பொய் சொல்லல. அதே வீல் கார்ல நட்டுங்களை மையமா வச்சு சுத்துது. அந்த மையம் 0.3 தள்ளி இருந்தா, 24 கிராம் குறை கார்ல மட்டும்தான் பிறக்குது.

இன்னொண்ணு, இந்த விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 185/65 ஆர்15 டயர் 80 கி.மீ. வேகத்துல நொடிக்கு 11 சுத்துக்கு மேல சுத்தும். அப்ப அந்த 0.3 மி.மீ. தர்ற இழுப்பு 2.3 கிலோ எடைக்குச் சமம். 40-ல அது அரை கிலோ சொச்சம்தான். 100-ல மூணரை கிலோவைத் தாண்டிடும். நொடிக்கு 11 தடவை யாரோ ரெண்டு கிலோ சுத்தியலால தள்ளற மாதிரி. சி.டி.எச். ரோட்டுல தெரியாத நோய் ரிங் ரோட்டுல தெரியறதுக்கு இதுதான் காரணம்.

பட்டாபிராமில் இருந்து வந்த ஸ்விஃப்ட்

என் சித்தப்பா பையன் பட்டாபிராமில் இருக்கான். செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட், 15 இன்ச் அலாய். மூணு தடவை பேலன்சிங், ஒரு தடவை அலைன்மெண்ட். அப்பவும் எண்பதுல உதறல். கடைசியா ஒரு கடையில "டயர்தான் போயிடுச்சு, நாலும் மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. டயர்ல பட்டன் பாதிக்கு மேல இருக்கு. அவன் மனைவிக்கு ஏழாவது மாசம். அந்த வண்டியில ஏறவே பயப்படறா. இவன் டயருக்கு ஈ.எம்.ஐ. பார்த்துக்கிட்டு இருந்தான்.

"அக்கா, மாத்திடட்டுமா?"ன்னு கேட்டான்.

"ஒரு ஞாயித்துக்கிழமை கொடுடா, அளந்து பார்த்துட்டு மாத்து"ன்னு சொன்னேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் வீட்டு மாமா அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருஷம் லேத்ல நின்னவர். நம்ம ஏரியாவோட வசதி இதுதான். 1960-ல தொடங்கின வீல்ஸ் இந்தியா பாடியில இருக்கு. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் அதே பாடிதான். வீல், பிரேக், போல்ட் மூணும் நம்ம வீட்டுப் பக்கம் பிறந்தவை. தெருவுக்கு ஒருத்தர் வீட்டுல டயல் கேஜ் இருக்கும். மாமா தன்னோடதை எடுத்துட்டு வந்தார்.

முதல் நட்டைக் கழற்றும்போதே ஒரு விஷயம் தெரிஞ்சது. அதுக்கு வீல் பானா மேல ஏறி நிக்க வேண்டியிருந்தது. மூணாவது நட்டு ஒரு கை அழுத்தத்துல வந்துடுச்சு. ஒரே வீல்ல, ஒரே நாள்ல மாட்டின நட்டுங்க. உதறலை விட எனக்கு அதுதான் பயமா இருந்தது. உதறல் தொந்தரவு, லூசான நட்டு விபத்து.

இன்டர்மிட்டென்ட் பக் மாதிரி தேடணும்

மாமா டயலை ரிம்மோட உள் விளிம்புல வச்சார். வீலைக் கையால மெதுவா சுத்தினோம். முள் 0.6 மி.மீ. ஆடுச்சு. டயல் காட்டறது மேலும் கீழுமா மொத்த ஆட்டம். தள்ளி இருக்கற அளவு அதுல பாதி, அதாவது 0.3.

"சென்டர் அவுட்டும்மா"ன்னார். "ஆனா எதனால அவுட்டுன்னு பார்க்கணும்."

அதுக்கு வழி ரொம்ப எளிது, நம்ம டீபக்கிங் மாதிரியேதான். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்தணும். ரிம் அதிகமா உயர்ற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு. அதுக்கு நேரா இருக்கற ஹப் போல்ட்டுல ஒரு கோடு. வீலைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டி, மறுபடி அளக்கணும்.

உயர்ற இடம் வீல் கோட்டோடயே நகர்ந்தா, ரிம் வளைஞ்சிருக்கு. பள்ளத்துல விழுந்த ரிம். ஹப் கோட்டோடயே நின்னுட்டா, ஹப்ல கோளாறு, இல்ல ஹப் முகத்துல துரு. ரெண்டும் இல்லாம ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துக்கு, வேற வேற அளவுக்குப் போனா, வீலும் நல்லாருக்கு, ஹப்பும் நல்லாருக்கு. மாட்டற முறைதான் தப்பு.

தம்பி வண்டியில ரெண்டாவது தடவை 0.4, மூணாவது தடவை 0.5. இடம் ஒவ்வொரு தடவையும் வேற. பதில் கிடைச்சிடுச்சு. நாலு டயரும் தப்பிச்சது.

டயல் கேஜ் இல்லாதவங்க ஸ்குரூடிரைவரை ஒரு கனமான கட்டையில கட்டி, ரிம் விளிம்புக்கு மயிரிழை தள்ளி நிறுத்துங்க. வீலைச் சுத்தினா இடைவெளி கூடிக் குறையறது கண்ணுக்கே தெரியும். அரை மி.மீ. ஆட்டத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

இப்ப வேலை

சமதளம் வேணும். மழை பெஞ்ச மண் தரையில ஜாக்கி போடவே போடாதீங்க. நட்டுங்களை வண்டி தரையில இருக்கும்போதே கால் சுத்து தளர்த்திடுங்க. தூக்காத பக்கத்து வீலுக்கு மரக்கட்டை முட்டு. செங்கல் வேண்டாம், நொறுங்கிடும். ஜாக்கியை மேனுவல்ல காட்டின இடத்துல மட்டும் வையுங்க. தூக்கினதும் ஸ்டெப்னியைப் படுக்க வச்சு வண்டிக்கு அடியில தள்ளிடுங்க. ஜாக்கி சரிஞ்சாலும் வண்டி அது மேல நிக்கும். எதுக்காகவும் வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க.

முன் வீலைச் சுத்தணும்னா ஹேண்ட்பிரேக் போட்டு கியரை நியூட்ரல்ல விடுங்க. பின் வீலைச் சுத்தணும்னா ஹேண்ட்பிரேக்கை எடுக்கணும். அப்ப கியர்ல போட்டு, முன் வீல் ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் முட்டு வைக்காம எடுக்காதீங்க. ஸ்விஃப்ட் மாதிரி முன் வீல் இழுக்கற வண்டிக்கு இது சரியா வரும்.

அடுத்தது அளவு. வெர்னியர் காலிப்பரால ஹப் மேட்டோட விட்டத்தை அளங்க. வீல் ஓட்டையைப் பின்பக்கமா அளங்க. முன்பக்கம் கேப் மாட்டற படி இருக்கும், அது வேற அளவு. நிறைய வீல்ல பின்னாடி சி.பி.ன்னு போட்டு அளவும் அச்சாகியிருக்கும். இந்த ரெண்டு எண்தான் நீங்க வாங்க வேண்டிய ரிங்கோட அளவு. ரெடிமேடா கிடைக்கலைன்னா லேத் பட்டறையில நைலான்ல கடைஞ்சு தருவாங்க.

அப்புறம் சுத்தம். ஹப் முகத்துல இருக்கற துருவைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வச்சுத் தேய்ங்க. அலாயோட பின் முகத்தையும் துடைங்க. ஒரு துருத் துணுக்கு நடுவுல மாட்டினாலும் வீல் சாய்ஞ்சு உட்காரும்.

இப்ப நட்டைப் பாருங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. ஹோண்டா கம்பெனி நட்டோட முனை உருண்டையா இருக்கும். வெளியில விக்கற பெரும்பாலான அலாய்க்கு வேண்டியது 60 டிகிரி கூம்பு முனை. உருண்டையைக் கூம்புப் பள்ளத்துல வச்சா ஒரு மெல்லிய கோட்டுல மட்டும்தான் தொடும். இறுகின மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல தளரும். முனையும் பள்ளமும் ஒரே வடிவம்தானான்னு பார்த்துட்டு மாட்டுங்க. மரையும் பொருந்தணும். 12 மி.மீ. போல்ட்டுல பிட்ச் 1.25 உண்டு, 1.5-ம் உண்டு. நட்டு கையாலேயே சுலபமா ஏறணும். 1.5-ன்னா குறைஞ்சது எட்டு சுத்து, 1.25-ன்னா பத்து சுத்து ஏறினாத்தான் பிடிமானம் போதுமானது.

ரிங்கை வீலோட பின் ஓட்டையில கை அழுத்தத்துல உட்கார வையுங்க. சுத்தியல் வேணும்னா அளவு தப்பு. வீலை ஹப்ல ஏத்துங்க, முகத்தோட முகம் ஒட்டுதான்னு பாருங்க. நாலு நட்டையும் கையால ஏத்துங்க. வீல் காத்துல இருக்கும்போதே, சின்ன பானாவால எதிரெதிர் வரிசையில கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. நடு நடுவுல வீலை லேசா ஆட்டி விடுங்க. கூம்புங்க பள்ளத்துல தானா இறங்கும். இந்த ரெண்டு நிமிஷப் பொறுமைதான் மொத்த வேலையோட உயிர்.

அப்புறம் வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்சால ரெண்டு தவணையா இறுக்குங்க. முதல்ல பாதி, பிறகு முழுசு. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85-லேர்ந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். 65 கிலோ ஆள் 30 செ.மீ. பானா மேல ஏறி நின்னா அது 190. போல்ட் நீண்டு போகறதுக்கு அது ஒரு நல்ல வழி. மரையில ஆயில் விடாதீங்க. வழுக்கலா இருந்தா அதே டார்க்ல போல்ட் அதிகமா இழுபடும். 50-லேர்ந்து 100 கி.மீ. ஓட்டினதும் மறுபடி ஒரு தடவை டார்க் பாருங்க. இதைத் தள்ளிப் போடவே கூடாது.

தம்பி வண்டியில ரிங் போட்டு அளந்தப்போ டயல் 0.15. கழற்றி மாட்டினப்போ மறுபடி 0.15. அந்த ரெண்டாவது 0.15-தான் எனக்கு சந்தோஷம். ஒரு தடவை சரியா வந்தா அதிர்ஷ்டம், ஒவ்வொரு தடவையும் வந்தா சரிபண்ணிட்டோம்னு அர்த்தம். மாமா டயலைத் துடைச்சு டப்பாவுல வச்சுட்டு, "இதுக்காடா நாலு டயர்?"னு தம்பியைக் கேட்டுட்டுப் போயிட்டார்.

எங்க நிறுத்தணும்?

வீட்டுல செய்யக்கூடாததும் இருக்கு. துளையை ஃபைல் போட்டுப் பெருசாக்கறது, தகரத்தைச் சுருட்டி ரிங்குக்குப் பதிலா வைக்கறது, வெடிச்ச அலாயை வெல்டு வைக்கறது, மூணும் வேண்டாம். எதிர்த் துளைகளோட தூரமான பி.சி.டி. 98 இருக்கற வீலை 100 இருக்கற ஹப்ல வளைச்சு மாட்டறதும் வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மி.மீ. வளைஞ்சு நிக்கும்.

ரிங் போட்டும் நட்டு இறுக இறுக வீல் ஒரு பக்கம் இழுத்தா, அந்த வீல்ல நடு ஓட்டைக்கு ஒரு சென்டர், நட்டுத் துளைகளுக்கு வேற சென்டர்னு அர்த்தம். அதை எந்த ரிங்காலும் திருத்த முடியாது. மாத்திடுங்க. புதுசா வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 16192-ன்ற எண்ணும் இருக்கான்னு பாருங்க.

எல்லா உதறலுக்கும் ரிங் மருந்து கிடையாது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினா டிஸ்க்கைப் பாருங்க. இருபது முப்பதுலேயே வண்டி குதிச்சா டயர்ல வீக்கமோ ரிம்ல வளைவோ இருக்கும். வேகத்தோட ஏறற ஊளைச் சத்தம் வந்தா பேரிங். ஒரு குறிப்பிட்ட வேகத்துல தொடங்கி, மெஷின் பூஜ்யம் காட்டியும் போகாத உதறல்தான் இன்னைக்கு நாம பேசினது.

அடுத்த தடவை டயர் கடையில வீலைக் கழற்றும்போது போனைப் பார்த்துக்கிட்டு உட்காராதீங்க. எழுந்து போய் நில்லுங்க. "அண்ணே, ரிங் இருக்கா பாருங்க, நட்டை முதல்ல கையால ஏத்துங்க, கடைசியில டார்க் ரெஞ்ச் போடுங்க"ன்னு மூணே மூணு விஷயம் சொல்லுங்க. நல்ல கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா வேற கடை பார்க்க வேண்டியதுதான்.

உங்க வண்டியில அளந்து பார்த்தா எத்தனை வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம், மக்களே.